கருவூலக்காரி பதில்கள்: கோடியை எடுத்துவிட்டுப் படியுங்கள்

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2025-26க்கான தமிழக நிதிநிலை அறிக்கையை வாசித்தார். மறுநாள் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். அதற்கடுத்த வாரமே ஆசிரியர் குழுவிலிருந்து கடிதக் கட்டு வந்துவிட்டது. வழக்கமாக என்னிடம் பென்ஷன், நாமினி, வாரிசுச் சான்று பற்றித்தான் கேட்பீர்கள். இந்த முறை பாதிக்கு மேல் பட்ஜெட். இளநிலை உதவியாளராகக் கருவூலத்துக்குள் நுழைந்து, உதவிக் கருவூல அலுவலராக வெளியே வந்தவள் நான். பொருளாதாரம் படித்தவள் இல்லை, பில் பார்த்தவள். அந்த அளவுக்குச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

அம்மா, அரசாங்கத்துக்கு 3 லட்சத்து 31 ஆயிரம் கோடி வருமானம் என்கிறார்கள். அதே மூச்சில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் கடன் என்கிறார்கள். இதில் வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்று இரண்டு பற்றாக்குறை. எனக்குத் தலை சுற்றுகிறது.
(இல்லத்தரசி, தேனி)

சகோதரி, 'கோடி' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். சுற்றுவது நின்றுவிடும்.

ஒரு குடும்பத்துக்கு வருட வருமானம் 3,31,569 ரூபாய். மாதம் இருபத்தேழாயிரம் சொச்சம். நம்மில் பலருக்குத் தெரிந்த குடும்பம்தான். அந்த வீட்டின் வழக்கமான செலவு, அதாவது மளிகை, பள்ளிக்கூடம், வேலையாள் சம்பளம், பெரியவர்களுக்கு மருந்து, பழைய கடனுக்கு வட்டி எல்லாம் சேர்த்து 3,73,204. துண்டு விழுவது 41,635. இதுதான் வருவாய்ப் பற்றாக்குறை.

இதோடு நிற்கவில்லை. அந்த வருடமே மாடியில் ஓர் அறை கட்டுகிறார்கள், 57,231 செலவு. தம்பிக்கும் மச்சானுக்கும் கைமாற்றாக எட்டாயிரம் சொச்சம் (அரசு தன் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடன்). எல்லாம் சேர்த்து அந்த வருடம் வெளியே வாங்க வேண்டியது 1,06,963. இது நிதிப் பற்றாக்குறை. வருட முடிவில் மொத்தக் கடன் 9,29,959 ஆக நிற்கும். இந்த வருடத்து வட்டி மட்டும் 70,754. வருகிற ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகிறது.

இப்போது 'கோடி'யைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் பட்ஜெட்.

ஒன்பது லட்சம் கோடி என்று கேட்டதும் டிவியில் எல்லாரும் அலறுகிறார்கள். மூன்றே கால் லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் ஒன்பது லட்சம் கடன் இருப்பது அதிசயமா? வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். எனக்கு உறுத்துவது அது இல்லை. வாங்குகிற ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் ஏறக்குறைய 39 ரூபாய் மாடி அறைக்குப் போகவில்லை, அரிசி பருப்புக்குப் போகிறது. இதை நிறுத்தத்தான் 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2011-12, 2012-13 இரண்டு வருடமும் வருவாயில் உபரிகூட இருந்தது. 2013-14இல் தொடங்கிய பற்றாக்குறை, ஆட்சி மாறியும் இன்னும் மூடவில்லை. ஆகவே ஒரு கட்சியை மட்டும் திட்டி இந்தக் கேள்வியை முடிக்க முடியாது.

பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதில் 'ரூ' போட்டதற்கு இவ்வளவு சண்டையா? உங்கள் கருத்து?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி)

ஐயா, பில்லில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் 'ரூ' என்றுதான் எழுதினேன். பணம் பாஸாகிக்கொண்டுதான் இருந்தது.

டாஸ்மாக் வருமானத்தில்தான் அரசாங்கமே ஓடுகிறது என்று என் மகன் சொல்கிறான். பட்ஜெட்டில் பார்த்தேன், ஆயத்தீர்வை 13 ஆயிரம் கோடிக்குள்தான் இருக்கிறது. மொத்தத்தில் அது சின்னத் தொகைதானே? யார் சொல்வது சரி?
(மளிகைக்கடை உரிமையாளர், ஆத்தூர்)

பட்ஜெட்டைத் திறந்து பார்த்ததற்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தப் புத்தகம் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது.

மது மீது இரண்டு வரி இருக்கிறது. ஒன்று ஆயத்தீர்வை. அது தனித் தலைப்பில் அச்சாகும், நீங்கள் பார்த்தது அதைத்தான். இன்னொன்று மதிப்புக் கூட்டு வரி. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பெட்ரோல், டீசலுக்கும் கிடையாது. அதனால் பழைய மதிப்புக் கூட்டு வரி அவற்றுக்கு மட்டும் நீடிக்கிறது. அந்தப் பணம் வணிகவரி என்ற பெரிய தலைப்புக்குள் பெட்ரோல் வரியோடும் ஜிஎஸ்டியோடும் கலந்து உட்கார்ந்திருக்கும். பெரிய தொகை அங்கேதான். 2023-24இல் ஆயத்தீர்வை 10,774 கோடி, மதுவின் மதிப்புக் கூட்டு வரி 35,081 கோடி. இரண்டும் சேர்ந்து 45,855 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

'அரசாங்கமே ஓடுகிறது' என்பது மிகை. ஆனால் உங்களைவிட உங்கள் மகன்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளை அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டதிலிருந்து இந்தக் காசு பழகிவிட்டது. மூடச் சொல்வது சுலபம், அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று மூடச் சொல்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். இரண்டையும் கூட்டி ஒரே இடத்தில் அச்சடித்தால் என்ன? மதுவிலக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் போடுகிறார்கள், பட்ஜெட் புத்தகத்திலும் போடலாமே.

மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெண்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள். உழைத்து வரி கட்டும் எங்கள் பணம் இது. உங்களைப் போன்ற அனுபவசாலிகள் இதைக் கண்டிக்க வேண்டாமா?
(தனியார் நிறுவன அலுவலர், கோவை)

தம்பி, கணக்கை முதலில் பார்ப்போம். மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த வருடம் 13,807 கோடி. ஆளுக்கு வருடம் 12,000. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு கோடியே 15 லட்சம் பெண்கள்.

அதே புத்தகத்தில் ஓய்வூதியம் என்ற தலைப்பைத் தேடுங்கள். 41,290 கோடி. குடும்ப ஓய்வூதியர்களையும் சேர்த்து நாங்கள் ஏழு லட்சம் சொச்சம் பேர். மாதா மாதம் அதில் ஒரு துளி என் கணக்கிலும் விழுகிறது. எங்களை யாரும் சோம்பேறி என்பதில்லை. உழைத்தோம், வாங்குகிறோம் என்போம். சரி. அடுப்படியில் நாற்பது வருடம் நின்றவள் செய்தது என்ன, பொழுதுபோக்கா? அந்தப் பணத்துக்கு 'உதவி' என்று வைக்காமல் 'உரிமை' என்று பெயர் வைத்தது அதனால்தான். பெயர் வைத்ததில் அரசியல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அது பொய்யாகிவிடாது.

என்னிடம் கண்டனமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று இருக்கிறது. எங்களுக்கு ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள், விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏறும். 2023 செப்டம்பரில் ஆரம்பித்த அந்த ஆயிரம் 2025-26 பட்ஜெட்டிலும் ஆயிரம்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் இதைச் சொல்லிக் காட்டியபோது எனக்குப் பதில் வரவில்லை. "உங்களுக்கு மட்டும் வெங்காயம் விலை ஏறுதாம்மா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் ஓடைக்குப் பாலம் கட்டப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்து மூன்று வருடம் ஆகிறது. மழை வந்தால் பிள்ளைகள் இன்றும் டிராக்டரில்தான் போகிறார்கள். அறிவித்த பணம் எங்கே போனது?
(விவசாயி, பவானி வட்டம்)

ஐயா, பணம் எங்கும் போயிருக்காது. பெரும்பாலும் வந்தே இருக்காது.

அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு, அனுமதி வேறு, செலவு வேறு. அமைச்சர் சட்டமன்றத்தில் படிப்பது அறிவிப்பு. அதற்குப் பிறகு மதிப்பீடு தயாரித்து, நிர்வாக அனுமதி அரசாணை வர வேண்டும். பொறியாளர் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். நிலம் எடுக்க வேண்டியிருந்தால் அது தனிப் புராணம். இத்தனையும் தாண்டி, வேலை நடந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் பில் கருவூலத்துக்கோ சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கோ வரும். எங்கள் ஜன்னலுக்கு வராத திட்டத்தை நாங்கள் திட்டம் என்றே எண்ணுவதில்லை.

இன்னொரு ரகசியம். பட்ஜெட் புத்தகத்தில் தொகைகள் ஆயிரங்களில் அச்சாகும். ஒரு திட்டத்துக்கு நேராக '1' என்று மட்டும் இருந்தால் ஆயிரம் ரூபாய் என்று அர்த்தம். பாலத்துக்கு ஆயிரம் ரூபாயா என்று சிரிக்காதீர்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போடுவோமே, அதுதான் இது. கணக்குத் தலைப்பைத் திறந்து வைத்துவிட்டால், அதே மானியத்தில் (ஒரு துறைக்குச் சட்டமன்றம் அனுமதித்த மொத்தத் தொகை) வேறு எங்காவது மிச்சம் வந்தால் இதற்குத் திருப்பிக்கொள்ளலாம். சில துண்டுக்காரர்கள் பிறகு வந்து உட்காருவார்கள். சில சீட்டில் துண்டு மட்டும் கடைசி ஸ்டாப் வரை போகும்.

நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நிதித் துறையின் இணையதளத்தில் மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. மாநில நெடுஞ்சாலை என்றால் கோரிக்கை எண் 21. ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் 42. உள்ளே கணக்குத் தலைப்பின் முதல் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3054 என்றால் இருக்கும் சாலை, பாலத்தைப் பராமரிக்கும் செலவு. 5054 என்றால் புதிதாகக் கட்டும் செலவு. பொதுவாக 2, 3இல் தொடங்கினால் கரைந்துபோகும் செலவு, 4, 5இல் தொடங்கினால் சொத்தாக நிற்கும் செலவு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

ஒவ்வொரு ஓடைப் பாலத்துக்கும் தனிப் பதிவு இருக்காது, திட்டத்தின் மொத்தத் தொகைதான் இருக்கும். ஆனால் அதற்கு நேராக மூன்று கட்டங்கள் இருக்கும். 2023-24இன் உண்மைக் கணக்கு, 2024-25இன் திருத்த மதிப்பீடு, 2025-26இன் பட்ஜெட் மதிப்பீடு. எல்லாரும் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நீங்கள் முதல் கட்டத்தைப் பாருங்கள். போன வருடத்துப் பழைய புத்தகத்தையும் எடுத்து, அப்போது எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், இப்போது திருத்த மதிப்பீட்டில் எவ்வளவாகக் குறைத்தார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அரசு எதை முக்கியமாக நினைக்கிறது என்பது உரையில் தெரியாது. அந்த வெட்டில் தெரியும்.

உங்கள் பாலத்துக்கு மட்டும் விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். நிர்வாக அனுமதி அரசாணையின் எண்ணும் தேதியும் என்ன? ஒப்பந்தப்புள்ளி எப்போது கோரப்பட்டது? இதுவரை செலவான தொகை எவ்வளவு? 'ஏன் கட்டவில்லை' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவது மிகவும் சுலபம்.

மார்ச் மாதம் வந்தால் மட்டும் ஏன் எல்லாத் துறைகளும் அவசர அவசரமாகச் செலவு செய்கின்றன? எங்கள் தெருவை மார்ச்சில்தான் தோண்டுகிறார்கள்.
(வணிகவியல் மாணவர், தென்காசி)

தம்பி, மார்ச் 31 நள்ளிரவோடு அந்த வருடத்து ஒதுக்கீடு செத்துப்போகும். ஏப்ரல் 1 அன்று அந்தப் பணத்தில் ஒரு பென்சில்கூட வாங்க முடியாது. செலவழிக்காமல் ஒப்படைத்தால் நல்ல பிள்ளை என்று யாரும் பாராட்டுவதில்லை. 'உங்களுக்குத் தேவையில்லை போல' என்று அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அப்புறம் எப்படி இருக்கும்?

கணினிக்கு முந்தைய காலத்தில் அந்த ஒரு நாள் எங்கள் சார்நிலைக் கருவூலம் கல்யாண மண்டபம் போல இருக்கும். வாசலில் ஜீப்புகள், மரத்தடியில் பில் கட்டோடு அலுவலக உதவியாளர்கள், உள்ளே பித்தளை டோக்கன் தீர்ந்துபோய்த் துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுப்போம். இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டா வரும். சால்னா சிந்திய பில்லைக்கூடப் பாஸ் செய்திருக்கிறேன்.

ஒரு வருடம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பில் வந்தது. மாணவர் விடுதிக்குப் போர்வை. எந்தத் துறை என்பது வேண்டாம். ஆவணங்கள் எல்லாம் சரி, ஆட்சேபணை போட வழியில்லை. கையெழுத்துப் போட்டேன். போர்வைகள் ஏப்ரல் நடுவில் லாரியில் வந்து இறங்கின. விடுதியில் பிள்ளைகளே இல்லை, பரீட்சை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் போர்வைக்கான முதல் கடிதம் முந்தைய ஆகஸ்டில் எழுதப்பட்டது என்று கோப்பில் பார்த்தேன். மார்கழிக் குளிரில் அந்தக் கடிதம் எந்த மேசையில் தூங்கியது என்பதற்கு எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது.

இதைவிட நாசூக்கான வழியும் உண்டு. பணத்தை ஒதுக்கீட்டிலிருந்து எடுத்து வைப்புக் கணக்கில் போட்டுவிடுவது. 8இல் தொடங்கும் தலைப்புகள் அவை. 'செலவாகிவிட்டது' என்று சட்டமன்றத்துக்குக் காட்டிய பணம் அங்கே பத்திரமாக இருக்கும். தலைமைத் தணிக்கையாளர் அறிக்கைகள் பலமுறை குட்டியிருக்கின்றன. இப்போது எல்லாம் இணையவழி வந்துவிட்டதால் மரத்தடிக் கூட்டம் இல்லை. அவசரம் கணினிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் ஒன்றிய அரசு 29 பைசாதான் திருப்பித் தருகிறது என்பது உண்மையா?
(ஆட்டோ ஓட்டுநர், வேலூர்)

எந்தெந்த வரியை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதில் அந்த 29 பைசா மேலும் கீழும் ஆகும். தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கும் நிறுவனம் நாடு முழுக்கச் சம்பாதித்த வரியையும் இங்கேயே கட்டும் அல்லவா? அதனால் அந்தப் பைசாவை விட்டுவிடுங்கள், சந்தேகமில்லாத எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிய அரசின் பகிர்வுக்குரிய வரிகளில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு. அதில் 2025-26இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. ஒன்பதாவது நிதிக்குழு (இந்தப் பங்கைப் பரிந்துரைக்கும் குழு) காலத்தில் அது 7.931. அங்கிருந்து இவ்வளவு இறங்கி வந்திருக்கிறது. இந்த வருடம் அந்த வகையில் வருவது 58,022 கோடி. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக வசூலிப்பதில் பங்கே கிடையாது, அது முழுக்க டெல்லிக்கு. நம் பட்ஜெட்டின் நூறு ரூபாய் வருவாயில் 67 ரூபாய் நாமே வசூலிக்கும் வரி. டெல்லி தருவது பங்கும் மானியமும் சேர்த்து 25 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. மீதி கட்டணம், வட்டி மாதிரியான வரவுகள்.

ஒரு நாள் உங்களை நிதியமைச்சர் ஆக்கினால் எதற்கு முதலில் பணம் ஒதுக்குவீர்கள்? பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா?
(செவிலியர், நாகப்பட்டினம்)

பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, மருத்துவத்துக்கு 21,906 கோடி என்று ஏற்கெனவே இருக்கிறது. காலை உணவுத் திட்டத்துக்கு 600 கோடி. மாநிலத்தின் வழக்கமான செலவில் நூறு ரூபாய்க்கு 16 பைசா. பதினேழு லட்சம் பிள்ளைகளுக்கு மேல் அந்தப் பதினாறு பைசாவில் சாப்பிடுகிறார்கள். இதைவிட லாபமான செலவு அந்தப் புத்தகத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத் தொட மாட்டேன்.

நான் தேடிப் போவது வேறு இடம். பராமரிப்பு. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியங்கள் எல்லாம் போன பிறகு, அலுவலகம் நடத்தவும் இருப்பதைப் பழுதுபார்க்கவும் நூறு ரூபாயில் ஐந்து ரூபாய்கூட மிஞ்சுவதில்லை. புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், ஒழுகும் குழாய்க்கு வாஷர் போடுவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? நீங்கள் செவிலியர், வாங்கி வைத்த இயந்திரம் சின்னப் பழுதுக்காக மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடப்பதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

கடைசியாக நான் வேலை பார்த்த கருவூலத்தில் முத்திரைத்தாள் வைக்கும் பாதுகாப்பறையின் கூரை ஒழுகியது. தார் பூச எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார் கொத்தனார். மூன்று வருடம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று பதில் வந்தது. மாநிலத்தின் பணம் முழுக்க எந்தக் கருவூலத் துறை வழியாகப் போகிறதோ, அதே துறையின் கூரை அது. ஐப்பசி மழையில் இரண்டு கட்டு முத்திரைத்தாள் நனைந்து, அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தார் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களின் நகலையும் இணைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று அந்த அறையில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன. இரண்டும் என் சொந்தக் காசு.